கரிசல் சாலைக்கு ஏற்ற சக்கரம்



கார்ச் சக்கரத்தைப் பற்றி வானொலியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆனால், குருவிகுளம் போன்ற ஊர்களில் ஒரு குடும்பம் முதன்முதலாகக் கார் வாங்கும்பொழுது, "எந்த டயர் போடலாம்?" என்று தந்தை கேட்பது படித்த மகனையோ மகளையோதான். கடையில் பளபளப்பைக் காட்டுவார்கள். தோழர்கள் அழகைப் புகழ்வார்கள். அந்தக் கார் திருமணத்துக்கும் போகும். நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ விரையவும் வேண்டும். வழியில் சக்கரம் உடைந்து நின்றால், அழகு எதற்குப் பயன்படும்? ஆகவே, தந்தைக்கு நீங்கள் கூறும் விடை பொறுப்பு மிக்க விடையாகும்.

முதலில் நம் நிலத்தை அறிந்துகொள்வோம். நம்முடையது பருத்தி விளையும் கரிசல் மண். மழைநீரைக் குடித்தால் இது உப்பும். கோடையில் நீர் வற்றினால் சுருங்கி வெடிக்கும். ஆண்டுதோறும் இவ்வாறு உப்பிச் சுருங்கும் தரையின்மேல் போட்ட தார்ச்சாலை மெல்ல மெல்ல அலைபோல் நெளிகிறது, அதன் ஓரங்கள் உடைகின்றன, குழிகள் தோன்றுகின்றன. சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கினால், மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். வெயிற்காலத்தில் சீமைக்கருவேல முள் காத்திருக்கும்.

இந்நிலத்துக்கு ஏற்ற சக்கரத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மாட்டுவண்டியின் சக்கரம் ஓராள் மார்பளவு உயரமானது. ஏன்? சிறிய சக்கரம் குழிக்குள் விழுந்துவிடும். பெரிய சக்கரம் குழியின் இரு விளிம்புகளையும் தொட்டுக் கடந்துவிடும். ஆரக்கால்களைச் சூழ்ந்த வட்டையின்மேல், நெருப்பில் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டி நீர் ஊற்றுவார்கள். குளிர்ந்து சுருங்கும் இரும்பு மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். எத்தனை நுட்பமான தொழில்! ஆயினும், இரும்புப் பட்டைக்கு ஒரு குறை உண்டு. கல்லில் மோதும் அதிர்ச்சி முழுவதையும் அது வண்டிக்கும் மாட்டுக்கும் தந்துவிடும்.

அக்குறையைத் தீர்த்தது காற்று. 1840களில் ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது வழக்கத்துக்கு வரவில்லை. பின்னர், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றுக் குழாய் ஒன்றைச் செய்து, 1888இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகே அது உலகெங்கும் பரவியது. நம் சென்னைத் திருவொற்றியூரில் 1946இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1960களில் டயர் செய்யும் ஆலையாக வளர்ந்தது. பலூன் ஆயினும் டயர் ஆயினும், உள்ளிருந்து தாங்குவது காற்றே அன்றோ!

இதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். ஆட்களோடு சேர்ந்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரில், ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 300 கிலோவைச் சுமக்கிறது. காற்றின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.2 கிலோ என்று கொள்வோம். 300ஐ 2.2ஆல் வகுத்தால், தோராயமாக 136 சதுர சென்டிமீட்டர் வருகிறது. தரையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான். விரித்த ஒரு கையின் அளவு. அத்தகைய நான்கு கைகளின்மேல்தான் ஒரு குடும்பம் பயணம் செய்கிறது.

இனி, டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிப்போம். 185/65 ஆர் 15 என்று இருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, அதாவது 120 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் உலோகச் சக்கரம் 15 அங்குல விட்டமுடையது. 'ஆர்' என்பது ரேடியல் என்ற அமைப்பைக் குறிக்கும். அழகுக்காகச் சிலர் இதனைக் கழற்றிவிட்டு, 205/45 ஆர் 17 என்னும் டயரைப் போடுகின்றனர். கணக்கிட்டுப் பாருங்கள். முழுச் சக்கரத்தின் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 62 சென்டிமீட்டரே. ஆனால், பக்கச்சுவரின் உயரம் 120இலிருந்து 92 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. உலோகம் பெருத்தது, காற்றோ ஓர் அங்குலத்துக்கு மேல் இளைத்தது!

குழியின் கூரிய விளிம்பில் மோதும்பொழுது, அந்த ஓர் அங்குலமே டயரைக் காப்பது. அது இல்லையேல், ரப்பர் உலோகத்துக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கும். உள்ளிருக்கும் நூலிழைகள் அறும். பக்கச்சுவரில் கட்டி போன்ற வீக்கம் எழும். அத்தகைய டயர் எந்நேரமும் வெடிக்கக்கூடும். அதனை உடனே நீக்கிவிட வேண்டும். ஆதலால், நம் சாலைக்கு முதல் விதி இது: காரைச் செய்தவர் அனுமதித்துள்ள அளவுகளுள், உலோகம் சிறியதாகவும் பக்கச்சுவர் உயர்ந்ததாகவும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

உலோகச் சக்கரத்திலும் இருவகை உண்டு. அலாய் சக்கரம் பார்வைக்கு இனியது. பெரும்பாலும் எடை குறைந்தது. ஆனால், பலமாக மோதினால் அதில் விரிசல் விழக்கூடும். விரிசல் விழுந்ததை ஒட்டவைத்து ஓட்டுவது ஆபத்து. எஃகுச் சக்கரமோ பெரும்பாலும் வளைந்து கொடுக்கும்; சிறிய வளைவாயின் தட்டி நிமிர்த்தலாம்; மாற்றுவதற்கும் செலவு குறைவு. நாணல் வளைந்து பிழைப்பதைப் போன்றது அதன் இயல்பு. கரடுமுரடான பாதையில் நாள்தோறும் போகிறவருக்கு எஃகே துணை.

அடுத்தது, டயரின் மேற்பூவேலை. ஆழமான பெரிய கட்டைகள் கொண்ட சேற்று டயரைப் போட்டால் எங்கும் போகலாம் என்று சிலர் நினைக்கின்றனர். அது சேற்றில் நன்கு பற்றும், தார்ச்சாலையில் இரைச்சலிடும், நனைந்த தாரில் நிற்பதற்கு அதிகத் தூரம் கொள்ளும். பயணத்தில் பெரும்பகுதி தார்ச்சாலையாயின் சாதாரண டயரே போதும். நாள்தோறும் தோட்டத்துக்கும் கல் நிறைந்த பாதைக்கும் போகிறவர், இரண்டுக்கும் பொதுவான 'ஏ.டி.' வகையைத் தம் காருக்குரிய அளவில் கிடைத்தால் வாங்கலாம். பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டயரை மாற்றியே ஆக வேண்டும். வாங்கும்பொழுது பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2324 என்றால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கடையில் நெடுங்காலம் கிடந்த டயர் புதியதன்று.

முள்ளுக்கு அஞ்சுவோருக்கு டியூப் இல்லாத டயர் நன்மை தரும். முள் குத்தினால் காற்று மெல்லவே இறங்கும். மேற்பரப்பில் உண்டான சிறு துளையைக் கழற்றாமலே அடைக்கலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்க இயலாது. 2020ஆம் ஆண்டின் விதித்திருத்தத்தின்படி, டியூப் இல்லாத டயரும் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் கருவிகளும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. எனினும், அடுத்த பஞ்சர் கடை பல மைலுக்கு அப்பால் இருக்கும் ஊரில் வாழ்கிற நாம், மாற்றுச் சக்கரம் உள்ள காரையே தேடி வாங்குவது அறிவுடைமை.

இவ்வளவும் செய்து காற்றை மறந்தால் பயனில்லை. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது பழமொழி. காருக்குக் காற்றே அச்சாணி. ஓட்டுநரின் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உரிய அழுத்தம் எழுதியிருக்கும். ஆள் குறைந்தபொழுது எவ்வளவு, நிறைந்தபொழுது எவ்வளவு என்பதை அங்கே காணலாம். டயர் சூடாவதற்கு முன், இரு வாரத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். சேற்றில் சிக்கினால் காற்றைச் சிறிது இறக்கலாம். தரையைத் தொடும் பரப்பு விரியும். ஆனால், தார்ச்சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றோடு விரைந்தால், பக்கச்சுவர் ஓயாது மடிந்து சூடேறி வெடிக்கும்.

மாணவர்களே! பள்ளியில் கற்ற பரப்பும் அழுத்தமும் விழுக்காடும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடுவன அல்ல. நாளை காலை ஓர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் நிற்கும் ஒரு காரின் டயரைப் படியுங்கள். பக்கச்சுவரை அளந்து பாருங்கள். உரிமையாளருக்கு அதன் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற கல்வி ஒரு குடும்பத்தை நள்ளிரவுச் சாலையில் காக்குமானால், அதனினும் சிறந்த மதிப்பெண் வேறு இல்லை.