வீக்கம் வேறு, புற்று வேறு



இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் 60 வயதைக் கடந்த ஆடவர் பலர் இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்கின்றனர். முதுமையின் இயல்பென்று சிலர் வாளாவிருப்பர். புற்றுநோயென அஞ்சிச் சிலர் மறைப்பர். இரண்டும் தீங்கே. கதிரவன் மறைந்தபின் நீரும் அருந்தாத பெரியவர் இரவில் மும்முறை எழுவாராயின் காரணம் தேடல் வேண்டும்.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்துள்ளது. முதுமையில் குழாயை ஒட்டிய உட்பகுதி பருப்பதே சாதாரண வீக்கம். புற்றுநோயோ பெரும்பாலும் வெளிப்பகுதியில் தோன்றுவது. வீக்கம் புற்றாக மாறுவதில்லை. ஆயினும் ஒருவருக்கே இரண்டும் இருத்தல் கூடும். தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் அறிகுறி காட்டாது.

பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவு இரண்டிலும் உயரக்கூடும். ஆகவே அந்த எண்ணை மட்டும் கண்டு கலங்கலாகாது; மருத்துவரின் விரல் பரிசோதனையும், தேவையெனின் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் உண்மையை உணர்த்தும். வீக்கத்திற்குரிய பினாஸ்டிரைடு மாத்திரை அவ்வளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதனை உண்போர் மருத்துவரிடம் கூறல் வேண்டும். குழாய்வழி அறுவை செய்துகொண்டோர்க்கும் வெளிப்பகுதி எஞ்சியிருப்பதால் கண்காணிப்பு தேவை.

தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இப்புற்று இருந்திருப்பின் 45 வயதிலேயே ஆலோசனை பெறுதல் நன்று. சிறுநீர் அடைபட்டாலோ, குருதி கலந்து வந்தாலோ ஒருநாளும் தாழ்த்தலாகாது. இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. மேற்சிகிச்சைக்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை உண்டு. பெரியவர் கூச்சத்தால் சொல்லாததை மக்கள் பரிவுடன் கேட்டறிதல் கடமையாகும்.