காணா நோயும் கைவிடலாகா உரிமையும்



காலிழந்து திரும்பும் படைவீரனின் துயரை ஊர் அறியும். வலிப்பு நோயோடு திரும்புபவனின் துயரை யார் அறிவார்? எம்மிடம் பயின்று படையில் சேர்ந்த பழவேற்காட்டு ஏரிக்கரை இளைஞர் ஒருவர் அவ்வாறே திரும்பினார். 'நோய் படைப்பணியால் விளைந்ததன்று; அதனால் மிகுந்ததுமன்று' என்று ஒரே வரியில் அவருக்கு ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. தாயார் அக்கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். யாமும் அதனைப் படித்துக் காட்டியதோடு நின்றுவிட்டோம். அஃது எம் பிழை.

தரம்வீர் சிங் என்னும் சிப்பாய் அவ்வாறு நிற்கவில்லை. 1985-இல் படையில் சேர்ந்த அவர், 1994-இல் வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு நீதி வழங்கியது. 1982-ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்து அது கூறியது யாது? சேரும்போது நோய்க்குறிப்பு எழுதப்படாதவர் நலமுடன் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார். அன்று எனில், மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது. ஐயத்தின் பயன் வீரனுக்கே உரியது.

2023-இல் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகவே, பணியிலிருந்து விடுபட்ட நாளை முதலில் காண்க. சேர்க்கையின்போது எழுதிய மருத்துவத் தாளையும் மருத்துவக் குழுவின் அறிக்கையையும் கேட்டுப் பெறுக. மறுப்பாராயின் மேல்முறையீடு உண்டு. சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வும் உண்டு.

இளைஞர்களே! நம் ஊர்ப் பெட்டிகளில் பூட்டிக்கிடக்கும் கடிதங்களை வெளியே எடுங்கள். படித்துக் காட்டுவதோடு நில்லாதீர், பதில் எழுதுங்கள். இச்சங்கம் தந்த கல்விக்கு அதுவே கைம்மாறு.