யூட்டில் ஆயுதப்பெட்டி

ஆயுதப்பெட்டி என்றதும் திடுக்கிட வேண்டாம். சுத்தியல், துளைகருவி, ரைல்ஸ் வெட்டும் மெசின், இவற்றைத்தான் சொல்கிறேன். இங்கே அவுஸ்திரேலியாவில் எங்கள் ஆட்கள் பலர் யூட் என்கிற பிக்கப் வாகனத்தில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

சென்ற மாதம் மச்சானுடைய யூட்டில் போனேன். சிவப்பு விளக்குக்கு அவர் சட்டென்று பிரேக் அடிக்க, பின்னால் இருந்த பெட்டி முன்னுக்குப் பாய்ந்து, எங்கள் தலைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியை உடைத்தது. இறங்கிப் பார்த்தால், மெல்லிய தகட்டில் நாலு சின்ன ஸ்குரூ, அவ்வளவுதான். "இவ்வளவு பாரமான பெட்டி எங்கே அசையப்போகுது" என்று நினைத்திருந்தாராம்.

பாரம்தான் ஆபத்து. இந்நாட்டுச் சுமை கட்டும் வழிகாட்டியின்படி, முன்பக்கமாகச் சுமையின் எடையில் 80 வீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னுக்கும் 50 வீதத்தையும் கட்டு தாங்க வேண்டும். இழுபடும் றப்பர் கொளுக்கிக் கயிறு அதற்கு உதவாது.

பிறகு பெட்டியை முன்சுவரோடு ஒட்டி வைத்து, தட்டைத் துளைத்து போல்ட் பூட்டினோம். அடியில் அகலமான இரும்புத் தகடு, கழராத நட். துளைக்க முதல் கீழே படுத்து, எரிபொருள் தாங்கி, பிரேக் குழாய், வயர் எல்லாம் எங்கே போகிறது என்று பார்த்தோம். துளை விளிம்புக்குப் பெயின்ற் பூசாவிட்டால் கறள் பிடிக்கும். ஏற்றி இறக்கும் சாமானுக்கு அடியில் றப்பர் விரிப்பு, மேலே றாட்செற் பட்டி.

கணக்காளன் அல்லவா, ஒரு கழித்தலும் செய்தேன். ஏற்றக்கூடிய எடையிலிருந்து பெட்டி, கூடு, இழுவைக் கொளுக்கி, உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் கழியும். மிஞ்சியதைக் கண்டு மச்சான் முகம் சுளித்தார். இப்போது ரைல்ஸை இரண்டு தரமாக ஏற்றுகிறார், டீசல் செலவு என்று என்னைத்தான் பேசுகிறார்.