கொழுகொம்பும் கடற்காற்றும்



பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே ஈந்த பாரியின் வரலாற்றை நீங்கள் பாடநூல்களில் கற்றிருப்பீர்கள். அவன் ஆண்ட பறம்பு மலை இன்று பிரான்மலை என்று வழங்குகிறது. இப்போது சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அம்மலை, 1985-ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினை நிகழும்வரை நம் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆகவே, செடிகொடிகளுக்குத் துணைக்கொம்பு வேண்டும் என்னும் அறிவு இந்நாட்டாருக்குப் புதிதன்று. ஆனால் கொடுக்கும் உள்ளம் மட்டும் போதாது. எத்தகைய கொம்பு, எவ்வளவு ஆழம், எந்தக் காற்றை அது தாங்க வேண்டும் என்னும் கணக்கும் வேண்டும். வீட்டுத் தோட்டத்துத் தக்காளிச் செடிக்கு உறுதியான கூண்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையே இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

இது மிகச் சிறிய பொருள் என்று எண்ண வேண்டா. மண்டபம் முதல் இராமேசுவரம் வரை உள்ள கரையோர ஊர்களில், கொல்லையில் நான்கு தக்காளிச் செடிகளை ஆசையோடு வளர்ப்பவர் பலர். செடி பூத்துக் காய்க்கும் வேளையில் ஓர் இரவு காற்று வீசும். விடிந்து பார்த்தால் கொம்பும் செடியும் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். உடனே, 'இந்த மணலில் ஒன்றும் விளையாது' என்று கைவிட்டுவிடுகிறார்கள். குற்றம் கொம்பினுடையது, பழியோ மண்ணின்மேல் விழுகிறது. இந்த மண் அத்தகையதன்று. தங்கச்சிமடத்து மணலில் வளரும் மல்லிகை நாற்றுகள் வெளியூர்த் தோட்டங்களுக்குச் செல்கின்றன. இராமநாதபுரத்து முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது.

அந்த மிளகாயும் தக்காளியும் நெருங்கிய உறவினர். இரண்டும் கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. ஆயினும் மிளகாய்ச் செடி தன் காலில் தானே நிற்கிறது. தக்காளிச் செடி சாய்கிறது. அதன் தண்டு நீர் நிறைந்தது. பாரத்துக்கு ஏற்ற வைரம் அதில் ஏறுவதில்லை. சரி, படர்கொடி என்று கொள்ளலாமா என்றால் அதுவும் இயலாது. பாகலுக்கும் புடலுக்கும் பற்றுக்கம்பிகள் உண்டு; அவரை தன் தண்டையே கொம்பில் சுற்றிக்கொண்டு ஏறும். தக்காளிக்கு இவ்விரண்டு ஆற்றலும் இல்லை. பக்கத்தில் கொம்பு இருந்தாலும் அதனைத் தானே பற்றிக்கொள்ளத் தெரியாத செடி அது. ஆதலால் ஒன்று, நாம் அதனைக் கட்டிவிட வேண்டும். அல்லது, எப்பக்கம் சாய்ந்தாலும் ஏந்திக்கொள்ளும் கூண்டுக்குள் அதனை வளர்க்க வேண்டும். தரையில் படரவிட்டால் என்ன என்று கேட்கலாம். பெரிய வயல்களில் அவ்வாறு விடுவதுண்டு. ஆனால் ஈர மண்ணில் படிந்த காய் அழுகும். மழைத்துளி தெறிக்கும் மண்ணோடு நோய்க் கிருமிகளும் அடி இலைகளில் ஏறும். நான்கே செடி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு காயும் அருமையன்றோ?

கூண்டைத் தேர்வதற்கு முன் செடியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தக்காளியில் இருவகை உண்டு. ஒருவகை, ஓர் அளவு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்துடன் வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். 1914-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மாற்றத்தால் இவ்வியல்பு வாய்த்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 இவ்வகையைச் சார்ந்தது. மற்றொரு வகை, உயிருள்ளவரை நீண்டுகொண்டே போகும். ஆள் உயரத்தையும் கடந்துவிடும். காற்று மிகுந்த கரையோரத்தில் முதல் வகையே தக்கது. உயரம் குறைந்தால் காற்றின் பிடியும் குறையும். அதற்கு 120 செ.மீ. உயரமுள்ள கூண்டு போதும்.

இனி, காற்றின் கணக்குக்கு வருவோம். பாம்பன் கடலின் குறுக்கே 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தை நீங்கள் அறிவீர்கள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தில் ஒரு விதி இருந்தது: காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் இரயில் போகலாகாது. இரயிலையே நிறுத்திய அந்த வேகத்தை நம் கூண்டுக்கு அளவுகோலாகக் கொள்வோம்.

மணிக்கு 58 கி.மீ. என்பது விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர். அந்த வேகத்தில் வீசும் காற்று, எதிர்ப்படும் ஒவ்வொரு சதுரமீட்டர் பரப்பின்மேலும் ஏறக்குறைய 16 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். இலை அடர்ந்த செடியுடன் கூடிய நம் கூண்டு, 50 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உடையதாயின், அது காற்றுக்குக் காட்டும் முகப்பு 0.6 சதுரமீட்டர். ஆகவே அதன்மேல் விழும் விசை சுமார் 10 கிலோகிராம் எடைக்கு நிகராகும். இலைகளின் ஊடே சிறிது காற்று புகுந்து போய்விடும் என்றாலும், முழுக் கணக்கையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றைக் கூண்டின் இடுப்பில் கட்டிப் பக்கவாட்டில் இழுப்பது போன்ற நிலை இது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக் கடையில் விற்கும் கூண்டுகளைப் பாருங்கள். மெல்லிய கம்பியால் ஆகி, அடியில் குறுகி மேலே விரிந்து, மூன்று காலில் நிற்கும் கூண்டு பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பாரமும் காற்றும் மிகுகின்ற மேற்பகுதி அகன்றும், தாங்க வேண்டிய அடிப்பகுதி குறுகியும் இருப்பது தலைகீழான அமைப்பு. கூம்பை அதன் முனையில் நிறுத்த யாராவது முயல்வார்களா? கூண்டு மேலும் கீழும் ஒரே அகலமாக இருத்தல் வேண்டும். அன்றி அடி அகன்றிருப்பின் இன்னும் நன்று.

அத்தகைய கூண்டை வீட்டிலேயே செய்யலாம். 'வெல்டுமெஷ்' என்று கடைகளில் வழங்கும் பற்றவைத்த கம்பி வலையை வாங்குங்கள். கை புகுந்து காய் பறிக்கும்படி அதன் கண்கள் 10 முதல் 15 செ.மீ. வரை இருக்க வேண்டும். கோழி வலை இதற்கு ஆகாது. அது துவளும், கையும் புகாது. 50 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் 157 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய 8 செ.மீ. கூட்டி, 165 செ.மீ. நீளம் வெட்டுக. கரையோரத்தில் மழை இல்லாத நாளிலும் கம்பியின்மேல் உப்பு படிந்து ஈரத்தை ஈர்க்கும். வெறும் இரும்பு விரைவில் துருவேறும். ஆதலால் துத்தநாகம் பூசிய கம்பியே வேண்டும். வெட்டிய முனைகளில் பூச்சு நீங்கிவிடுவதால் அங்கே வண்ணம் தடவ வேண்டும்.

பணம் செலவிட இயலாதார் வருந்த வேண்டியதில்லை. முற்றிய பனைமட்டையில் இருபுறமும் உள்ள கருக்கைச் சீவிவிட்டால் உறுதியான சட்டம் கிடைக்கும். சவுக்குக் கம்பும் நன்று. நம் மாவட்டமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலின் நேரான கிளைகளை முள் நீக்கி, உலர்த்திப் பயன்படுத்தலாம். நான்கு கம்புகளைச் சதுரமாக நட்டு, ஒவ்வொரு சாண் உயரத்திலும் குறுக்குச் சட்டம் கட்டினால் அதுவே கூண்டு. மண்ணுக்குள் போகும் பகுதியைக் கறையான் அரிக்கும். ஆகவே ஆண்டுக்கொருமுறை பிடுங்கிப் பார்த்து, இற்றுப்போனதை மாற்ற வேண்டும்.

பொருள் எதுவாயினும் கூண்டின் உயிர் அதன் காலில் இருக்கிறது. கடற்கரையில் நடந்தவர்கள் அறிவார்கள்: உலர்ந்த மணலில் கால் புதையும், ஈர மணலில் நிற்கும், நீர் ததும்பும் மணலிலோ மறுபடியும் புதையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மணல் கொம்பை எளிதில் விட்டுவிடும். அதே வேளையில்தான் வாடைக் காற்றும் வீசுகிறது. ஆகையால் 15 செ.மீ. ஆழம் போதாது, 45 செ.மீ. வேண்டும். கம்பி வலைக் கூண்டாயின், அதன் உட்புறம் எதிரெதிராக இரண்டு கம்புகளை அந்த ஆழத்துக்கு அடித்து வலையை அவற்றோடு கட்டுங்கள். மேலும், காற்று வரும் வடகிழக்குத் திசையில், ஒரு முழக் கட்டையைக் கிடையாகப் புதைத்து, அதிலிருந்து கூண்டின் மேற்பகுதிக்குக் கயிறு கட்டுங்கள். படகை நங்கூரம் பிடிப்பதுபோல அது கூண்டைப் பிடித்துக்கொள்ளும்.

செடி சாய்ந்த பிறகு கூண்டைத் தேடுவது பயனற்றது. நாற்றை நடும் அன்றே கூண்டையும் நட வேண்டும். பின்னர் அடித்தால் வேர் அறுபடும். நாற்றின் தண்டைச் சற்று ஆழமாகப் புதைத்தால், புதைந்த தண்டிலிருந்தும் வேர் இறங்கும். தண்டைக் கட்ட மீன்பிடி நைலான் நூலைப் பயன்படுத்தாதீர்கள். காற்றில் அசையும்போது அது தண்டை அறுத்துவிடும். பழந்துணிக் கிழிசலால் 8 என்னும் எண் வடிவில் தளர்வாகக் கட்டினால் போதும். காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்புவதினும் பனையோலை வேலி சிறந்தது. சுவரைத் தாண்டிய காற்று அதன் பின்னே சுழன்று விழும். இடைவெளியுள்ள வேலியோ காற்றைச் சல்லடைபோல் வடித்து மெலிவிக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். 58 கி.மீ. வேகத்தில் 10 கிலோவாக இருந்த விசை, 116 கி.மீ. வேகத்தில் 40 கிலோவாகிவிடும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு இரயிலைக் கொண்டுபோயிற்று. பாம்பன் பாலத்தின் உத்தரங்கள் பலவற்றைக் கடலில் வீழ்த்தியது. அத்தகைய காற்றுக்கு எந்தக் கூண்டும் ஈடன்று. புயல் எச்சரிக்கை கேட்டதும், முற்றிய காய்களைப் பச்சையாகவே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அவை தாமே பழுக்கும். தாங்கக்கூடிய காற்றுக்குத் தாங்கியை அமைப்பதும், தாங்க முடியாத காற்றை முன்னறிந்து விலகுவதும் ஒரே அறிவின் இரு கூறுகள்.

மாணவர்களே, நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டா; சோதித்துப் பாருங்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருக்கும். கூண்டை நட்டு, மண்ணை நன்றாக நனைத்து, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தராசின் கொக்கியை மாட்டிக் கிடையாக இழுங்கள். முள் 10 கிலோவைக் காட்டும்போதும் கூண்டு நிமிர்ந்து நின்றால், அதனுள் நாற்றை நடலாம். சாய்ந்தால், காலை இன்னும் ஒரு சாண் ஆழமாக இறக்கி மீண்டும் இழுத்துப் பாருங்கள்.