துளி சிறுத்தபோது

நோயாளி ஒருவரின் உடலிலிருந்து எடுத்த இழையம் சில வேளை கடுகளவே இருக்கும். அதில் அடங்கிய அரிய புரதம் ஒன்றை இனங்காண வேண்டும். டீ.என்.ஏ.யைச் சோதனைக் குழாயில் வேண்டிய மட்டும் படியெடுத்துப் பெருக்கலாம். புரதத்தை அவ்வாறு பெருக்க வழியில்லை. உள்ளதைக் கொண்டே உண்மை காண வேண்டும்.

அதற்கு உதவும் கருவி திணிவு நிறமாலைமானி. நொதியத்தால் புரதத்தைப் பெப்தைட்டுகளாக வெட்டி, மின்னேற்றமூட்டி வெற்றிடத்துட் செலுத்தினால், ஏற்றத்தை நோக்க அவற்றின் திணிவு எவ்வளவென்று அது காட்டும். கரைசலை ஊசியினூடாகச் செலுத்தி, உயர் மின்னழுத்தத்தாற் பனிபோலச் சிதறச் செய்யும் மின்சிவிறல் முறையை யேல் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தவர் ஜோன் ஃபென். 2002இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசிற் பங்கு பெற்றவர்.

முறை சிறந்ததே; ஆயினும் ஊதாரித்தனமானது. நிமிடத்துக்குச் சில மைக்ரோலீற்றர் பாய்ந்தது, துளிகளோ பெரியவை, கருவியின் வாயில் மிகச் சிறியது. பந்தலெங்கும் பன்னீர் தெளித்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் விழுந்ததை மட்டும் கணக்கிடுவது போன்ற காரியம்!

ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் மத்தியாஸ் வில்ம், மத்தியாஸ் மான் என்னும் இருவரும் 1990களில் இக்குறையை ஆராய்ந்தனர். அவர்கள் கருவியைப் பெருப்பிக்க முனையவில்லை, ஊசியைச் சிறுப்பித்தனர். கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து, நுனித்துளை ஓரிரு மைக்ரோமீற்றராகும்படி செய்து, பொன் பூசினர். கரைசல் நிமிடத்துக்குச் சுமார் 20 நனோலீற்றரே கசிந்தது. துளியின் விட்டம் 200 நனோமீற்றருக்கும் குறைவு. துளி சிறுத்தால் அதன் கனவளவை நோக்க மேற்பரப்பு மிகும், விரைவில் உலரும், உள்ளிருக்கும் பெப்தைட்டுகள் எளிதில் அயன்களாக விடுபடும். ஊசியையும் வாயிலை ஒட்டி வைக்கலாம். ஆகவே வீணாவது வெகுவாகக் குறைந்தது.

வேறொரு நன்மையும் விளைந்தது, அதுவே பெரிதெனலாம். ஒரு மைக்ரோலீற்றர் மாதிரி அரைமணி நேரத்துக்கு மேல் நின்றுபிடித்தது. ஒரு பெப்தைட்டைத் தெரிந்து, உடைத்து, அதன் அமினோ அமில வரிசையை வாசித்தபின், அடுத்ததற்குச் செல்ல அவகாசம் கிடைத்தது.

1996இல் அவர்களும் சகாக்களும், ஜெல்லிற் பிரித்தெடுத்த புரதங்களை ஃபெம்ரோமோல் அளவில் வாசித்துக் காட்டினர். ஒரு ஃபெம்ரோமோல் என்பது ஏறத்தாழ 60 கோடி மூலக்கூறுகள். கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆனால் மூலக்கூற்றுத் திணிவு 1,000 ஆகவுள்ள பெப்தைட்டாயின், அத்தனையும் சேர்ந்து ஒரு கிராமின் இலட்சங் கோடியில் ஒரு பங்கே.

கருவியின் கூர்மை கூடவே தொல்லை ஒன்றும் கூடியது. மனிதரின் தோலிலும் மயிரிலுமுள்ள கெரற்றின் என்னும் புரதம் தூசியோடு மாதிரியில் விழுந்தால், அதுவும் தெளிவாகத் தெரியலாயிற்று. அரிய புரதத்தைத் தேடிச் சென்று, தமது தோலையே கண்டு திரும்பிய ஆய்வாளர் பலர்.