போர் ஓய்ந்தது, ஊர் எழுந்ததா?



ஒரு நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. போர் ஓய்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்கள் கைகுலுக்கும் படம் நாளிதழில் வந்த மறுநாளே அந்நாடு மறக்கப்படுகிறது. ஆயின், மெய்யான வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. சுட்டவனும் சுடப்பட்டவனின் தாயும் இனி ஒரே ஊர்க்கிணற்றில் நீர் மொள்ள வேண்டும். எந்த ஆட்சியை வெறுத்து இளைஞர் படைக்கலம் ஏந்தினரோ அந்த ஆட்சியின் அமைப்பையே மாற்றியாக வேண்டும். இஃது எவ்வாறு நடக்கும், எங்கே தடுக்கி விழும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா இலியோன் நாடு நல்லதொரு சான்று.

'அரிமா மலை' என்பது அந்நாட்டுப் பெயரின் பொருள். 1462-இல் கடல்வழி வந்த போர்த்துகீசிய மாலுமி ஒருவன் இட்ட பெயர் அது. அங்கு வாழ்ந்த மக்கள் தம் மண்ணை என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பதை எவரும் கேட்கவில்லை. பின்னர் வந்த ஆங்கிலேயர் நாட்டை இரு கூறாக்கி ஆண்டனர். கடற்கரையில் பிரீடவுன் நகரமும் அதன் சுற்றுப்புறமும் 1808 முதல் பிரித்தானிய முடியின் குடியேற்றநாடு. உள்நாடு 1896 முதல் 'காப்புநாடு'. நகரத்தார்க்கு ஆங்கிலச் சட்டம். உள்நாட்டார்க்குக் குறுநிலத் தலைவர்களின் சொல்லே சட்டம். தமக்கு இணங்கிய குடிகளை 'ஆளும் குடிகள்' என ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்டனர். அக்குடிகளில் பிறந்தவரே பெருந்தலைவர் ஆகலாம். ஆனவர் சாகும்வரை தலைவர். குடிசை வரி கேட்டபோது பாய் புரே என்னும் மறவனின் தலைமையில் 1898-இல் மக்கள் எழுந்தனர். எழுச்சி அடக்கப்பட்டது, வரி நிலைத்தது, தலைவர் முறையும் நிலைத்தது.

27.4.1961-இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும் ஊர் விடுதலை பெறவில்லை. 1968-இல் ஆட்சியேறிய சியாக்கா சிடீவன்சு செய்த வேலையை ஊன்றிப் பார்க்க வேண்டும். 1972-இல் மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்ட மன்றங்களைக் கலைத்தார். 1978-இல் ஒரே கட்சி ஆட்சியை அரசமைப்பிலேயே எழுதி வைத்தார். பள்ளிக்கு ஒரு கூரை, ஆற்றுக்கு ஒரு பாலம், மருந்தகத்துக்கு ஒரு செவிலி என எது வேண்டினும் பிரீடவுனைக் கெஞ்ச வேண்டும். பிரீடவுனோ தன் ஆட்களுக்கு மட்டும் கொடுத்தது. ஊரில் எஞ்சியிருந்த ஒரே ஆட்சி குறுநிலத் தலைவரின் ஆட்சிதான். அவர் வைத்ததே வழக்கு, விதித்ததே தண்டம். தண்டம் கட்ட இயலாத இளைஞன் தலைவரின் நிலத்தில் உழைத்துக் கழிக்க வேண்டும். அல்லது ஊரைவிட்டு ஓடவேண்டும். ஓடியவன் வயிரச் சுரங்கப் பள்ளங்களில் போய் விழுந்தான்.

வயிரமே அப்போருக்குக் கரணியம் என்று உலகம் பேசிற்று, திரைப்படமும் எடுத்தது. வயிரம் போருக்குத் தீனி; வேர் அஃதன்று. அந்நாட்டு உண்மை–இணக்க ஆணையம் 2004-இல் அளித்த அறிக்கையில், விடுதலைக்குப் பின் ஆண்டோரின் ஊழலும் பேராசையும் தன்னவர்க்கே வழங்கிய போக்குமே போரின் நடுவண் கரணியம் என்று திட்டவட்டமாக எழுதியது. எல்லாவற்றையும் ஒரு நகரத்தில் குவித்ததும், ஊரின் வாயை அடைத்ததுமே இளைஞரைக் கிளர்ச்சிப் படையின் கையில் தள்ளின.

23.3.1991-இல் இலைபீரிய எல்லையில் உள்ள போமாரு என்னும் சிற்றூரில் முதல் வெடி வெடித்தது. 11 ஆண்டுகளில் 50,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். நாட்டு மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வீடிழந்து அலைந்தனர். 1996-இல் தேர்தல் நடந்தபோது, வாக்களிக்கும் கை என்பதனாலேயே மக்களின் கைகளைக் கிளர்ச்சியாளர் வெட்டினர். வெட்டுப்பட்ட அந்நாட்டு மக்கள்தாம் வரிசையில் நின்று வாக்களித்து அகமது தேசான் கப்பாவைக் குடியரசுத் தலைவர் ஆக்கினர். மக்களாட்சியை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தான் என்பார்க்கு அந்த வரிசையே விடை.

அடுத்து வந்தது ஒப்பந்தங்களின் கதை. 7.7.1999-இல் உலோமே நகரில் ஒப்பமிட்ட ஒப்பந்தம், கிளர்ச்சித் தலைவன் போடே சங்கோவுக்குத் துணைக் குடியரசுத் தலைவர்க்கு இணையான நிலையையும், வயிரம் உள்ளிட்ட கனிவளங்களை ஆளும் ஆணையத்தின் தலைமையையும் கொடுத்தது. அனைவர்க்கும் பொதுப் பொறுத்தலும் வழங்கிற்று. கொள்ளையடித்தவனிடமே களஞ்சியச் சாவியைக் கொடுத்து அமைதி வாங்கப் பார்த்தார்கள்! பத்தே மாதத்தில் அவன் படையினர் ஐ.நா. அமைதிப்படையினர் ஏறத்தாழ 500 பேரைச் சிறைபிடித்தனர். அதன்பின்னரே உலகம் விழித்தது. பிரித்தானியப் படை வந்திறங்கியது, ஐ.நா. படை 17,500 பேராகப் பெருகியது. 72,000-க்கு மேற்பட்டோர் படைக்கலத்தை ஒப்படைத்தனர். அவர்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறுவர், சிறுமியர். 2002 சனவரியில் துமுக்கிகளைக் குவித்து எரித்துப் போர் முடிந்ததாக அறிவித்தனர்.

இனி, அமைதி கட்டிய வேலைக்கு வருவோம். அது மூன்று முனைகளில் நடந்தது. மூன்றும் ஒரே அளவில் வெற்றி பெறவில்லை.

தனி வழக்குமன்றம் ஒன்றை ஐ.நா.வும் அந்நாடும் சேர்ந்து நிறுவின. 13 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. சங்கோ 2003-இல் காவலிலேயே இறந்தான். கிளர்ச்சிக்குத் துணைநின்ற இலைபீரியத் தலைவன் சார்லசு டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டுச் சிறை விதித்தனர். சிறுவரைப் படையில் சேர்த்த குற்றத்துக்கு 2007-இல் அம்மன்றம் அளித்த தீர்ப்பு, பன்னாட்டு வழக்குமன்ற வரலாற்றில் அவ்வகையில் முதலாவது. பெரிய மீன்களைப் பிடிக்க அது போதும். ஆனால், பக்கத்து வீட்டைக் கொளுத்தியவன் பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறானே, அவனை என்ன செய்வது?

அதற்கென அமைந்தது உண்மை–இணக்க ஆணையம். அந்நாட்டார் நால்வரும் அயல்நாட்டார் மூவரும் அதன் உறுப்பினர். 7,700-க்கு மேற்பட்ட வாக்குமூலங்களை அவர்கள் திரட்டினர். அறிக்கையைப் பிள்ளைகள் படித்துணரும் வண்ணம் தனி நூலாகவும் வெளியிட்டனர். பள்ளிக்கூடத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்லும் துணிவு எத்தனை நாடுகளுக்கு உண்டு? அவ்வாணையத்தில் அமர்ந்தவர்களுள் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் யாசுமின் சூக்கா. ஈழப்போரின் கடைசி மாதங்களில் நடந்தவற்றை ஆராய ஐ.நா. பொதுச்செயலாளர் 2010-இல் அமர்த்திய மூவர் குழுவில் இருந்தவரும் அவரே. சியரா இலியோனில் அவர் ஊர்களுக்கே சென்று மக்கள் வாயாற் கேட்க முடிந்தது. இலங்கை மண்ணிலோ அந்த மூவர் குழுவின் கால் படவே இல்லை. கேட்பதற்கு இடங்கொடுத்த நாட்டுக்கும் கதவை அடைத்த நாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவும் வேண்டுமோ!

ஆனால், இழப்பீட்டில் அந்நாடும் தவறியது. படைக்கலம் கொடுத்தவனுக்கு உடனே பணமும் தொழிற்பயிற்சியும் கிடைத்தன. கையை இழந்தவர் 2008 வரை காத்திருந்தார். பதிவு செய்துகொண்டோர் 30,000-க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார்க்கு முதலில் கிடைத்தது நூறு தாலர் அளவான தொகை. துமுக்கிக்கு விலை உண்டு, கைக்கு விலை இல்லை என்று அவர்கள் மனங்கசந்தால் அதில் வியப்பென்ன?

ஊரளவில் நடந்த வேலையே எல்லாவற்றினும் கருதத்தக்கது. 2008-இல் 'பம்புல் தோக்' என்னும் இயக்கம் தொடங்கிற்று. அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்குப் பொதுவாய் விளங்கும் கிரியோ மொழியில் அதற்குக் 'குடும்பப் பேச்சு' என்று பொருள். போர் தொடங்கிய அதே போமாருவில்தான் அதன் முதற்கூட்டம் நடந்தது. இரவில் ஊர் நடுவே தீ மூட்டுவர். ஊரார் சுற்றி அமர்வர். இழந்தவர் எழுந்து, நடந்ததைத் தம் சொந்தச் சொற்களாற் சொல்வார். செய்தவன் அங்கேயே இருப்பான். எழுந்து வருவதும் வராததும் அவன் விருப்பம். வந்தவன் குற்றத்தை ஏற்றுக்கொண்டு பொறுத்தருளுமாறு கேட்பான். மறுநாள் ஊரார் தம் முன்னோரை வழிபட்டு, நிகழ்ந்ததை அவர்க்கு அறிவிப்பர். பிறகு சில ஊர்களில் பொது நிலம் ஒன்றை இருதரப்பாரும் சேர்ந்து உழுவர். இதற்கு மாநகரத்துச் சட்டநூல் வேண்டியதில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. குற்றம் எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே ஒப்புதலும் நடக்கிறது.

இதையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்தல் ஆகாது. 200 ஊர்களில் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. கூட்டம் நடந்த ஊர்களில் பகை தணிந்தது, பொதுவேலைக்கு மக்கள் கூடினர், பொறுத்தலும் வளர்ந்தது. ஆனால், தனித்தனி மாந்தரின் உள்ளத்துப் புண் மேலும் கிளறப்பட்டது. துயரும் நடுக்கமும் மிகுந்தன என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஊர் ஆறியது, உள்ளம் ஆறவில்லை. தீயை மூட்டிக் கேட்டுவிட்டு மறுநாள் வண்டியேறிப் போய்விடுவது போதாது. பேசியவர் பக்கத்தில் பல ஆண்டுகள் ஆள் இருக்கவேண்டும்.

ஆட்சியமைப்பின் கதை இது. கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் 32 ஆண்டுகளுக்குப் பின் 2004-இல் மீண்டன. ஒரு சட்டம் இயற்றி, 19 மன்றங்களுக்குத் தேர்தல் நடத்தினர். தொடக்கப் பள்ளியும் மருந்தகமும் ஊர்ச்சாலையும் அவற்றின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. போருக்கு வேராய் இருந்த குறையைத் தொட்ட செயல் இதுதான். எனினும் அரைகுறையாகவே தொட்டனர். தலைவரி தண்டும் உரிமை குறுநிலத் தலைவர்களிடமே நின்றது. தண்டியதில் ஒரு பங்கை மன்றத்துக்கு அவர்கள் தரவேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு, எப்போது என்பதிலேயே பூசல். பெருந்தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் ஊரார் அனைவரும் அல்லர். வரி கொடுப்போர் இருபதின்மர்க்கு ஒருவர் என அமைந்த குறுநில மன்றத்தாரே. ஆளும் குடி, வாழ்நாள் தலைமை என்னும் 1896-ஆம் ஆண்டு ஏற்பாடு அப்படியே இருந்தது. மக்கள் வாக்கால் வந்த மன்றம் வெறுங்கையுடன் நிற்க, பிறப்பால் வந்த தலைவர் வரிப்பையுடன் நின்றார்.

தேர்தலில் அந்நாடு காட்டிய நேர்மைக்கு 2007 ஒரு மேற்கோள். தேர்தல் ஆணையத் தலைவி கிறித்தியானா தோர்ப்பு, பட்டியலில் உள்ள பெயர்களைவிட மிகுதியாய் வாக்குகள் விழுந்திருந்த 477 சாவடிகளின் முடிவுகளைச் செல்லாவென்று தள்ளினார். ஆளுங்கட்சி தோற்றது; எர்னெசுட்டு பாய் கொரோமா ஆட்சியேறினார்; ஒரு வெடியும் வெடிக்காமல் ஆட்சி கைமாறிற்று. ஐ.நா. புதிதாய் அமைத்த அமைதிகட்டும் ஆணையம் முதன்முதல் எடுத்துக்கொண்ட இரு நாடுகளுள் ஒன்று சியரா இலியோன், மற்றொன்று புருண்டி. 2014 மார்ச்சில் வேலை முடிந்தது என்று ஐ.நா. அலுவலகத்தை மூடினர். அதே ஆண்டில் எபோலா கொள்ளைநோய் புகுந்து ஏறத்தாழ 4,000 பேரைக் கொன்றது.

2018-இல் மீண்டும் ஆட்சி மாறியது. 2023 சூன் தேர்தலிலோ எண்ணிக்கை வெளிப்படையாக இல்லை என்று அயல்நாட்டுப் பார்வையாளர் குறைகூறினர். எதிர்க்கட்சி மன்றங்களைப் புறக்கணித்தது. அக்தோபரில் இருதரப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. நவம்பர் 26-இல் படைக்கலம் ஏந்தியோர் பிரீடவுனில் படைவீடுகளையும் சிறைச்சாலையையும் தாக்கி, ஏறத்தாழ ஈராயிரம் சிறையாளரைத் திறந்துவிட்டனர். 21 ஆண்டு அமைதிக்குப் பின்னும் அடித்தளம் ஆடிற்று.

எங்கே ஆடுகிறது என்று தேடுவோர், தனித்தமிழ் அன்பர்கள் உடனே கண்டுகொள்ளும் ஓரிடத்தைக் காணத் தவறுகின்றனர். போர் தொடங்கிய அதே 1991-இல் இயற்றிய அரசமைப்பின் 75-ஆம் பிரிவு, மன்ற நடவடிக்கைகளில் ஈடுபடும் அளவுக்கு ஆங்கிலம் பேசவும் படிக்கவும் வல்லவரே நாடாளுமன்ற உறுப்பினராகத் தகுதியுடையர் என்கிறது. மன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெறும் என்பது 90-ஆம் பிரிவு. தெம்னேயும் மெண்டேயும் நாட்டின் பெருமொழிகள். கிரியோ அனைவர்க்கும் பொதுமொழி. சந்தையில் அவை போதும். சாட்சி சொல்லப் போதும். தீயைச் சுற்றி அமர்ந்து அழப் போதும். சட்டம் இயற்ற மட்டும் போதா! மாவட்ட மன்றத்தைக் கலைத்து ஊரின் வாயை அடைத்த பழைய வேலையைத்தான் இவ்விரு பிரிவுகளும் வேறு வழியில் செய்கின்றன. போர் முடிந்து இருபது ஆண்டு கழிந்த பின்னும் அவை திருத்தப்படாமலே கிடந்தன. 2023 சனவரியில் நாடாளுமன்றத்திலும் உள்ளாட்சியிலும் நூற்றுக்கு முப்பது இடம் பெண்களுக்கு என்று அந்நாடு சட்டம் செய்தது. பாராட்டத்தக்க சட்டம். ஆனால், போமாருவில் தீயின்முன் எழுந்து நின்று தன் ஊரையே அழவைத்த ஒரு தாய், அந்த முப்பதில் ஓர் இடத்துக்குப் போட்டியிட எண்ணினால், முதலில் ஆங்கிலம் கற்றுவர வேண்டும்.