குழந்தை பால் குடிக்கவில்லையா? காத்திருக்காதீர்கள்!

(மாதர் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாக விலைவாசியைப் பற்றிப் பேசுவார்கள், கூலியைப் பற்றிப் பேசுவார்கள். இன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கைக்குழந்தையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். “அம்மா, அரை மணி நேரம் போதுமா?” என்று செயலாளர் தோழர் கேட்டார். 34 வருஷம் ஊர் ஊராக நடந்து பார்த்த விஷயம் அரை மணியில் அடங்காது. (சிரிப்பு) ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். பிறந்த குழந்தை சரியாகப் பால் குடிக்காவிட்டால் என்ன செய்வது? யாரிடம் போவது? போய் என்ன கேட்பது?

2013-ம் வருஷம். செங்கற்பட்டுப் பக்கம் ஒரு செங்கல் சூளை. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வந்து தங்கி, நடுச்சாமம் கழிந்ததும் எழுந்து கல் அறுக்கிற ஜனங்கள். அங்கே ஒரு கொட்டகையில் 12 நாள் குழந்தை. பிறந்ததிலிருந்து நன்றாகக் குடித்த குழந்தைதான். 2 நாளாக மார்பில் வைத்தாலும் இழுக்கவில்லை. “உரம் விழுந்துவிட்டது” என்று பாட்டி புடவையில் போட்டு உருட்டியிருக்கிறாள். மறுநாள் தொக்கம் எடுக்கிறவர் வந்து எடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் போனபோது அந்தப் பெண் நிம்மதியாகச் சொன்னாள்: “இப்ப பரவாயில்லைங்கம்மா, அடங்கிடிச்சு, அழவே இல்லை.”

தோழர்களே, அந்த அடக்கம்தான் என் வயிற்றைக் கலக்கியது. பால் குடிக்காத குழந்தை அழாமலும் கிடக்கிறது என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமல்ல. அழுவதற்கும் பலம் இல்லை என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தேன், கை கால் சில்லிட்டிருந்தது. மூச்சை ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினேன், 70-க்கு மேல் போயிற்று. உடனே 108-க்குச் சொன்னேன். மேஸ்திரி குறுக்கே வந்து, “முன்பணக் கணக்குத் தீரவில்லை, பெண்பிள்ளை மட்டும் போகட்டும், ஆண்பிள்ளை போகக் கூடாது” என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இந்த மேடையில் சொல்ல முடியாது. (சிரிப்பு, கைதட்டல்)

வண்டியில் போகும் வழியெல்லாம் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல் ஒட்ட வைத்து, மேலே துணியால் மூடிக்கொண்டு போனோம். ரத்தத்தில் கிருமி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில், பச்சிளங் குழந்தைகள் பிரிவில் 18 நாள் இருந்தது. தாய் தன் பாலைக் கையால் பீச்சிக் கொடுத்தாள். முதலில் குழாய் வழியாக, பிறகு பாலாடையில், கடைசியில் மார்பிலேயே குடித்தது. பிழைத்தது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிறது.

அந்தப் பாட்டியை நான் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், வரிசையில் நிற்க வேண்டும், “இவ்வளவு நாள் என்ன செய்தாய்?” என்று ஏச்சு வாங்க வேண்டும். உரம் எடுக்கிறவரோ வாசலுக்கே வருகிறார், மரியாதையாக நாலு வார்த்தை பேசுகிறார். நமது ஆஸ்பத்திரிகள் அப்படிப் பேசினால் ஜனங்கள் ஏன் அங்கே போகாமல் இருக்கப் போகிறார்கள்? ஆனாலும் சொல்கிறேன், 1 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை குடித்துக்கொண்டிருந்து நிறுத்தினால், உரமும் இல்லை, தொக்கமும் இல்லை. உள்ளே வியாதி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எது இன்றே போக வேண்டியது?

சில அடையாளங்களைக் கண்டால் ராத்திரி, பகல் பார்க்கக் கூடாது. குடித்த குழந்தை குடிக்க மறுக்கிறது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடக்கிறது, வெட்டி இழுக்கிறது, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிடுகிறது, மூச்சு நிமிஷத்துக்கு 60-ம் அதற்கு மேலும் ஓடுகிறது, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே குழிகிறது, உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாக இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடலில் அடைப்பு இருக்கலாம். அங்கே ஒரு மணி நேரமும் பெரிது.

இன்னொரு வகை உண்டு. அது மெதுவாகக் கொல்லுகிற வகை. குழந்தை குடிப்பதுபோல இருக்கும், ஆனால் தேறாது. பிறந்த முதல் சில நாளில் எந்தக் குழந்தைக்கும் எடை சற்றுக் குறையும். 3 கிலோ குழந்தைக்கு 300 கிராமுக்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். 2 வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்க வேண்டும். பிறகு நாளொன்றுக்கு 20, 30 கிராம் ஏற வேண்டும். வீட்டில் தராசு ஏது என்கிறீர்களா? துணியை எண்ணுங்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை 5, 6 நாளுக்குப் பிறகு நாளைக்கு 6 தடவையாவது மூத்திரம் போக வேண்டும். குறைந்தால் வயிற்றுக்குள் பால் போகவில்லை.

குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, நாலு வாய் குடித்ததும் களைத்து மூச்சு வாங்குகிற குழந்தைக்கு இருதயத்தைப் பார்க்க வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை, முக்கியமாக 34 வாரத்துக்கு முன் பிறந்தது, சப்புவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் சேர்த்துச் செய்யத் தெரியாமல் திணறும். அது சோம்பலும் இல்லை, தாயின் குறையும் இல்லை.

“உனக்குப் பால் இல்லை”

இப்போது எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் குழந்தை. ஒரு மாதம் ஆகியும் பிறந்த எடையைவிடக் குறைவு. குடிக்கும்போது மூக்கு வழியாகப் பால் வந்தது. மாமியார், “உன் பால் தண்ணிப் பால், குழந்தைக்கு ஒட்டவில்லை” என்றாள். யாரோ சொல்லிக் கழுதைப் பால் வாங்கிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனாள். 2 நிமிஷத்தில் “பால் பற்றவில்லை” என்று ஒரு டப்பாவை எழுதி அனுப்பிவிட்டார்கள். டப்பா விலைக்கு அவள் என்ன செய்வாள்? 4 கரண்டி போட வேண்டிய இடத்தில் 2 கரண்டி போட்டு, தண்ணீரைக் கூட்டினாள். குழந்தை இன்னும் மெலிந்தது.

என்னிடம் வந்தபோது டார்ச் விளக்கை எடுத்து வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். மேல் அண்ணத்தின் பின்பக்கம் பிளந்திருந்தது. உதட்டில் பிளவு இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை. அண்ணம் பிளந்த குழந்தையால் வாய்க்குள் காற்றைப் பிடித்து உறிஞ்ச முடியாது. அவ்வளவுதான் வியாதி! தாயின் பாலுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு மாதம் முழுக்க அந்தப் பெண் தன் உடம்பைத் தானே சபித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

பால் பீச்சவும், குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவும் சொல்லித் தந்து, டாக்டரிடம் அனுப்பினேன். எடை ஏறியது. ஒரு வயதை ஒட்டி அண்ணத்தைத் தைத்தார்கள்.

ஆகவே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நர்சிடமோ டாக்டரிடமோ போனால் சொல்லுங்கள்: “அம்மா, நான் பால் கொடுக்கிறேன், ஒரு தடவை கூட இருந்து பாருங்கள். குழந்தையின் வாய்க்குள்ளும் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.” பாதிச் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடும். வாய் அகலத் திறந்திருக்கிறதா, தாடை மார்பில் படுகிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, காம்பை மட்டும் கவ்வுகிறதா, காம்பைச் சுற்றிய கறுப்பையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் 10 நிமிஷத்தில் விஷயம் தெரியும். நாக்கின் அடியில் ஒட்டு இருந்தாலும் அப்போது தெரியும்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாவுப் பால் உண்மையிலேயே தேவைப்படுகிற குழந்தைகள் உண்டு. அதை டாக்டர் பார்த்துத் தீர்மானிக்கட்டும், சரியான அளவில் கரைக்கவும் சொல்லித் தரட்டும். டப்பா கொடுத்த தாயை யாரும் பழிக்கக் கூடாது. ஆனால் தேவை இல்லாத இடத்தில் விற்கிறார்களே, அந்த வியாபாரத்தை எதிர்த்து நெடுங்காலமாகக் குரல் எழும்பியிருக்கிறது. 1939-ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், தாய்ப்பாலை விட்டு டப்பாப் பாலுக்குத் தாய்மார்களை இழுப்பது குழந்தைகளைக் கொல்வதாகும் என்று பெரிய மனிதர்கள் கூடிய சபையிலேயே பேசினார். அந்த உரைக்கு ‘பாலும் கொலையும்’ என்றே தலைப்பு. 1981-ல் உலக சுகாதார சபை இந்த வியாபாரத்துக்கு விதிகள் வகுத்தது. நமது நாட்டில் 1992-ல் சட்டமே வந்தது. குழந்தைப் பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வது குற்றம். தாய்மாருக்கு இலவச டப்பா கொடுப்பதும், சுகாதார ஊழியருக்குப் பரிசு கொடுத்து விற்கச் சொல்வதும் குற்றம். சட்டம் இருப்பது தாய்மாருக்குத் தெரியாத வரைக்கும் லாபம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் பகுதி சுகாதார நர்ஸ். பிரசவமான வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்ப்பது அவரது வேலை. வரவில்லை என்றால் துணை சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். அடுத்தது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர். அங்கே முடியாததற்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் பச்சிளங் குழந்தைகள் பிரிவு. பிறவிக் குறை என்று சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். (சிரிப்பு) சப்பவும் விழுங்கவும் சிரமப்படுகிற குழந்தைக்குப் பயிற்சி தருகிறவர்களை அங்கே கேட்கலாம்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். 2011-ல் வந்த மத்திய சர்க்கார் திட்டத்தின்படி, அரசு ஆஸ்பத்திரியில் நோயுற்ற சிசுவுக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போகவர வண்டி எல்லாம் இலவசம். யாராவது கை நீட்டினால் தனியாக நின்று தகராறு செய்ய வேண்டாம், மாதர் தோழர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

போகும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காதீர்கள். நேற்று எத்தனை தடவை குடித்தது, எத்தனை துணி நனைந்தது, எப்போதிலிருந்து மாற்றம், இதைச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும். தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எது கொடுத்திருந்தாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும். தேன் மட்டும் ஒரு வயது வரைக்கும் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் உடம்பையே துவளச் செய்துவிடும்.

இங்கே உட்கார்ந்திருக்கிற ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ல் சட்டத்தைத் திருத்தி 26 வாரப் பிரசவ விடுமுறை கொடுத்தார்கள். சூளையிலும் கட்டிடத்திலும் நாள் கூலிக்கு நிற்கிற பெண்ணுக்கு அதில் 26 நாளாவது கிடைத்ததா? பத்தாம் நாள் மண் சுமக்கப் போகிறவள் இரண்டு மணிக்கொரு தரம் எப்படிப் பால் கொடுப்பாள்? பால் வற்றினால் அதற்கும் அவளையே குற்றம் சொல்கிறோம். கூலிக் கோரிக்கை எழுதும்போது வேலைத்தலத்தில் பிள்ளைக் கொட்டகையும் பால் கொடுக்க நேரமும் வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். வேலைக்குப் போகிற பெண் பீச்சி வைத்த பால், சுத்தமான மூடிய பாத்திரத்தில், நிழலில் 4 மணி நேரம் கெடாது. வீட்டிலிருக்கிற பாட்டி அதைப் பாலாடையில் கொடுக்கலாம். அன்றைக்கு உருட்டிய கையே இன்றைக்குப் பாலாடை பிடிக்கும்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் முடிந்ததும் நான் பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன், தராசும் கொண்டுவந்திருக்கிறேன். கைக்குழந்தையோடு வந்திருக்கிறவர்கள் வாருங்கள். அந்தத் தூணோரம் பச்சைப் புடவை கட்டின பெண்ணே, உன் குழந்தை நெடுநேரமாகக் கையைச் சப்புகிறது. என் பேச்சுக்காகக் காத்திருக்காதே அம்மா, முதலில் அதற்குப் பால் கொடு. பிறகு நான் வந்து பார்க்கிறேன்.